பைலட் ரேடியோல ஆல்டிட்யூட் (பறக்குற உயரம்) சொதப்பாம இருக்க வீட்டுலயே பழகுறது எப்படி

எங்க அத்தை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு போன் போட்டு மல்லி என்ன வெலன்னு கேட்டாங்க, அங்குட்டு தொள்ளாயிரம்னு சொன்னது இவங்க காதுல தொண்ணூறுன்னு விழுந்துச்சு, சரி சரி நாலு கிலோ எடுத்து வைங்கன்னு போன வச்சிட்டாங்க. தொண்ணூறுதானேன்னு திருப்பிக் கேட்டிருந்தா மூவாயிரத்துச் சொச்சத்துக்கு சண்டையே வந்திருக்காது. பைலட் ஆகணும்னு ரேடியோ எக்ஸாமுக்குப் படிக்கிற தம்பிகளா, ரீட்பேக்னா இதான், காதுல விழுந்தத அப்படியே திருப்பிச் சொல்றது.

பழக ஒரு ஆளு வேணும். நானும் சித்தி பையனும் வில்லாபுரம் வீட்டு அடுக்களைலதான் பழகுனோம், மிக்சிய ஓட விட்டுட்டு, முதுகு காட்டி நின்னு, அவன் கன்ட்ரோலர் (தரைல இருந்து விமானத்துக்கு உயரம் சொல்ற ஆளு), நான் பைலட். அவன் சொல்றத மொதல்ல பேப்பர்ல எழுதணும், அப்புறம் அந்தப் பேப்பரப் பாத்துத்தான் வாயத் தொறக்கணும், மனசுல இருந்து சொன்னா நாம எதிர்பாத்த நம்பர்தான் வரும். நம்பரத் திருப்பிச் சொல்லாம வெறும் ரோஜர்னு, அதாவது 'கேட்டுச்சு'ன்னு மட்டும் சொன்னா டீக்கு நீதான் காசு. சரியா கேக்கலைனா ஊகிக்காத, 'சே அகெய்ன்', அதாவது திரும்பச் சொல்லுங்கன்னு கேளு, வெக்கமே வேணாம்.

நம்பர சொல்ற விதம் ரொம்ப முக்கியம். 1989 பிப்ரவரில கோலாலம்பூர் பக்கம் ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு கன்ட்ரோலர் 'டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ'ன்னாரு, அதாவது 2400 அடி. அந்த டூவ '-க்கு'ங்கற டுன்னு எடுத்துக்கிட்டு பைலட் 'ஓகே ஃபோர் ஸீரோ ஸீரோ'ன்னு 400க்கு எறங்குனாரு, திருப்பிச் சொன்னது தப்புன்னு கன்ட்ரோலரும் பிடிக்கல, மலைல மோதி நாலு பேரும் போயிட்டாங்க. அதனால 'டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்'னு முழுசா சொல்லிப் பழகு, ஃபீட்டா ஃப்ளைட் லெவலா (நூறு நூறு அடியா எண்ணுற உயரம், 100னா 10,000 அடி)ங்கறதையும் விடாத. ஃப்ளைட் லெவல் 100ம் 110ம் கூட 'ஒன் ஸீரோ ஸீரோ', 'ஒன் ஒன் ஸீரோ'ன்னு ஒரே மாதிரி கேக்கும், 'ஒன் ஹண்ட்ரட்'னா குழப்பமில்ல, நடுவுல இருக்கறது ஆயிரம் அடிதான்.

அடுத்து இடம் மாத்திக்கங்க. பைலட் அஞ்சுல ஒரு தடவ வேணும்னே தப்பா சொல்லணும், கன்ட்ரோலர் பிடிக்கிறானான்னு பாக்கணும். நான் மூணு தடவ கோட்ட விட்டேன், 8000 சொல்லிட்டு 9000ன்னு திரும்பி வந்ததுக்கு கரெக்ட்டுன்னு தலையாட்டிருக்கேன்!

ரீட்பேக்கோட வேல முடியல. 1996 நவம்பர் 12, ஹரியானால சர்கி தாத்ரிங்கற ஊருக்கு மேல. கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி, எதிர்ல வந்த சவுதி விமானத்துக்கு 14,000. கசகஸ்தான் விமானத்துல ரேடியோ பேசுன ஆளு வேற, ஓட்டுன ஆளு வேற, விமானம் 15,000க்கும் கீழ எறங்கி சவுதி விமானத்தோட மோதிருச்சு. ரெண்டுலயும் சேத்து 349 பேரு போயிட்டாங்க. அதுக்கப்புறந்தான் நம்ம நாட்டுல மோதல் எச்சரிக்கைக் கருவிய கட்டாயமாக்குனாங்க.

அதனால பழைய காலண்டர் அட்டைல உயரம் காட்டுற ஒரு டயல் செஞ்சுக்க. பேசுனவன் நம்பர டயல்ல வைக்கணும், பக்கத்துல இன்னொருத்தன் அத வெரலால தொட்டு வாய்விட்டுப் படிக்கணும். மூணாவது ஆளு கெடைக்காட்டி அத்தைய கூப்பிடு, எங்க அத்தை இப்ப நம்பர்ல ரொம்ப உஷாரு.