பல்கலைக்கழக ஆய்வுப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்களா?

பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் வரும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) பணி, திட்டம் முடிந்ததும் முடிந்துவிடும். அதனால் சம்பளத்துக்கு முன்னால் திட்டத்தில் எத்தனை மாதம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். மத்திய அரசின் அறிவியல், தொழில்நுட்பத் துறை (டிஎஸ்டி) 2023 ஜனவரி முதல் இப்பணிக்கு நிர்ணயித்த உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. தகுதிக்குக் கேட் (பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண்ணைக் காட்டுவதாக இருந்தால், அது 3 ஆண்டுதான் செல்லும். நேர்காணல் தேதியில் அது செல்லுபடியாக வேண்டும்.

அதிகம் பேர் சறுக்குவது சாதிச் சான்றிதழில். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் நிரந்தரப் பணிகளில் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீடு கேட்டால், தமிழக பிசி, எம்பிசி அட்டை மட்டும் போதாது. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபார்த்து, 'கிரீமிலேயர் அல்லாதோர்' (அதாவது, ஓபிசியில் வசதி படைத்த பிரிவில் சேராதவர்) சான்றிதழை மத்திய அரசுப் படிவத்தில் வாங்குங்கள். கடைசி வாரத்தில் விண்ணப்பித்தால் கைக்கு வராது, முன்பே தொடங்கிவிடுங்கள்.

இணையத்தில் அனுப்பினாலும் அச்சுப் பிரதியைத் தபாலில் கேட்கிறார்களா என்று அறிவிப்பின் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். உறைமேல் விளம்பர எண்ணும் பதவியின் பெயரும் கட்டாயம். நேரடி நேர்காணலுக்குப் பெரும்பாலும் பயணப்படி கிடையாது. அசல் சான்றிதழ்களோடு, கையொப்பமிட்ட நகல் ஒரு தொகுப்பும் எடுத்துச் செல்லுங்கள்.