பைக் சார்ஜிங் கோளாறு: புது பேட்டரி வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

செல்ஃப் பட்டனை அழுத்தும்போது ரிலே மட்டும் ‘டிக் டிக்’ என்று அடித்துவிட்டு எஞ்சின் சுற்றாமல் நின்றால், பலரும் உடனே பேட்டரியை மாற்றிவிடுகிறார்கள். பேட்டரிக்கு மின்சாரம் அனுப்ப வேண்டிய அமைப்பே பழுதாகியிருந்தால், புதிதாகப் போட்ட பேட்டரியும் விரைவிலேயே இறங்கிவிடும். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கையில் இருந்து, வரிசை மாறாமல் அளந்து வந்தால், எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பதை எதையும் வாங்காமலே கண்டறிந்துவிடலாம்.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் காந்தச் சக்கரம், அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் காயிலில் மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்குகிறது. அது பல பைக்குகளில் மூன்று வயர்கள் வழியாக ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் என்ற ஒரே பாகத்துக்குச் சென்று, அங்கே நேர்திசை மின்சாரமாக மாறி, சுமார் 14.5 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டு பேட்டரிக்கு வருகிறது. நிலைக்காந்தம் என்பதால் உற்பத்தியை அதன் பிறப்பிடத்தில் குறைக்க வழியில்லை. எனவே பரவலாகப் பயன்படும் ஷண்ட் வகை ரெகுலேட்டர், மிஞ்சும் மின்சாரத்தை ஷார்ட் செய்து ஸ்டேட்டருக்கே திருப்பிவிடுகிறது. இந்த அமைப்பில் நேரும் பழுதுகளில் பெரும்பாலானவை வெப்பத்தால் வருபவை என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்தால், முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் அது ஏறக்குறைய காலி. அப்படியிருந்தால் வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றிய பிறகே மற்ற சோதனைகளைத் தொடர வேண்டும், இல்லையெனில் அளவுகள் எல்லாமே ஏமாற்றும். ஏற்றிய பின்பும் செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 9.5க்குக் கீழே சரிந்தால் பேட்டரியே பழுது எனக் கொள்ளலாம். டெர்மினல் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, மீட்டர் முனைகளைப் பேட்டரி டெர்மினல்களிலேயே வைத்து, 4000 முதல் 5000 ஆர்பிஎம் வரை முறுக்க வேண்டும். 13.8 முதல் 14.7 வோல்ட் வரை வந்தால் சார்ஜிங் சரியாக நடக்கிறது. 13ஐத் தாண்டவே இல்லையென்றால் மின்சாரம் வந்து சேரவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று பொருள். பேட்டரி கொதித்து, பல்புகளும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூவும் கெடும் முன் அதை மாற்றிவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். தாங்கிப் பிடிக்கப் பேட்டரி இல்லாதபோது வோல்டேஜ் திடீரென உயர்ந்து மின்னணுப் பாகங்களை எரித்துவிடும்.

வோல்டேஜ் குறைவாக இருந்தால், பாகங்களைச் சந்தேகிக்கும் முன் மெயின் ஃபியூஸையும் கனெக்டர்களையும் பாருங்கள். ஸ்டேட்டர் வயர்கள் ரெக்டிஃபையரோடு சேரும் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், பல வண்டிகளில் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின்னைச் சுற்றி மட்டும் உருகியிருப்பதைக் காணலாம். பின் சற்றே தளர்ந்தாலும் தடை கூடும், தடை கூடினால் சூடு ஏறும், சூட்டில் பின் மேலும் தளரும். சுரண்டித் துடைத்து மறுபடி மாட்டினால் இது சில காலமே தாங்கும். கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய டெர்மினல்களை கிரிம்ப் செய்வதே, அதாவது வயரில் இறுக அழுத்திப் பொருத்துவதே, நிலையான தீர்வு. கண்ணுக்குத் தெரியாத தடையைக் கண்டுபிடிக்க, எஞ்சின் ஓடும்போது ரெக்டிஃபையரின் பாசிட்டிவ் வயருக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. நெகட்டிவ் பக்கத்திலும் இதே சோதனையைச் செய்யலாம்.

இணைப்புகள் நன்றாக இருந்தால் ஸ்டேட்டருக்கு வரலாம். கனெக்டரைக் கழற்றிவிட்டு, மூன்று வயர்களையும் இரண்டிரண்டாக ஓம் அளவையில் வைத்துப் பாருங்கள். மூன்று சோடிகளும் ஒரே அளவைக் காட்ட வேண்டும். அது பொதுவாக ஒரு ஓமுக்குள் இருக்கும். பிறகு ஒவ்வொரு வயரையும் எஞ்சின் பாடியோடு அளந்தால் தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் காயிலின் இன்சுலேஷன் கருகி பாடியில் ஷார்ட் ஆகியிருக்கிறது. மீட்டரை ஏசிக்கு மாற்றி, கனெக்டர் கழன்ற நிலையிலேயே 5000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சோடியையும் அளந்தால், பல வண்டிகளில் 50 வோல்ட்டுக்கு மேல் வரும். சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் என்றாலும், மூன்றும் சமமாக இருக்கின்றனவா என்பதே முதன்மையானது. வெறும் முனைகளில் கைபட்டால் ஷாக் அடிக்கும், கவனம் தேவை. குளிர்ந்த நிலையில் நன்றாக இருக்கும் காயில் சூடேறியதும் கைவிடுவதுண்டு. ஆகவே வண்டியை நன்றாக ஓட்டிவந்து மீண்டும் ஒருமுறை அளப்பது அவசியம்.

ஸ்டேட்டரும் வயரிங்கும் தேறிய பிறகும் பேட்டரியில் 13 வோல்ட் ஏறவில்லையென்றால், மிஞ்சியிருப்பது ரெக்டிஃபையர்தான். மல்டிமீட்டரின் டயோடு சோதனையில் அது தேறினாலும், கட்டுப்படுத்தும் பகுதி நன்றாக இருப்பதற்கு அது உறுதியாகாது. புதியதைக் காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்துங்கள்.

எல்லா அளவுகளும் சரியாக இருந்தும், நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்கினால், அது மின்கசிவு. இக்னிஷனை அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவையில், முதலில் 10 ஆம்பியர் முனையில், வைத்துப் பாருங்கள். அலாரம் முதலியவை இல்லாத வண்டியில் சில மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ, கசிவு அந்த சர்க்யூட்டில் இருக்கிறது. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது இக்னிஷனை ஆன் செய்யவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.