ஆர்கானிக் ஒயின் வாங்குவதற்கு முன்னால் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

போன ஏப்ரலில் ஜெர்மனியிலிருந்து வந்த என் மச்சினன் ஒரு ஒயின் பாட்டிலை நீட்டி, "மாமா, இது ஆர்கானிக், கெமிக்கலே கிடையாது, குடிச்சா தலைவலியும் வராது" என்றான். சரி, ஏதாவது விசேஷத்துக்கு ஆகட்டும் என்று பீரோ மேலே வைத்துவிட்டேன். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே, கத்திரி வெயிலில் ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுடும். ஜூன் மாதம் எடுத்துப் பார்த்தால் தக்கை மேலே எழும்பி, பாட்டில் கழுத்தில் ஒயின் வழிந்து காய்ந்து பிசுபிசுவென்று இருந்தது. ஒரு வாய் குடித்தேன். காய்ச்சிய திராட்சை ரசத்தில் புளித்தண்ணி ஊற்றின மாதிரி. லேபிளில் இருந்த சின்ன எழுத்தை அன்றைக்குத்தான் படித்தேன், மச்சினன் சொன்னதில் பாதி தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது.

அதனால் முதல் வேலை, பாட்டிலைத் திருப்புங்கள். ஐரோப்பிய பாட்டில் என்றால் பச்சைப் பின்னணியில் நட்சத்திரங்களால் ஆன இலை இருக்கிறதா பாருங்கள், பக்கத்திலேயே சான்று கொடுத்த நிறுவனத்தின் குறியீட்டு எண்ணும் இருக்க வேண்டும். அங்கே 'பயோ' என்று போட்டிருப்பதும் ஆர்கானிக்தான். 2012-க்கு முன்னால் ஐரோப்பாவில் 'ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்' என்றுதான் போட முடியும், ஒயின் தயாரிக்கும் முறைக்கு விதி வந்ததே அந்த வருஷம்தான். அமெரிக்க பாட்டிலில் இன்றைக்கும் இந்த இரண்டு வகை உண்டு, இரண்டும் ஒன்றில்லை. வெறும் 'ஆர்கானிக்' என்றால், ஒயின் கெடாமல் இருக்கப் போடும் சல்ஃபைட்டைச் சேர்க்கவே கூடாது. 'ஆர்கானிக் திராட்சையில் செய்தது' என்றால் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை இருக்கலாம். நம் நாட்டுச் சரக்கு என்றால் 'ஜைவிக் பாரத்' முத்திரையைத் தேடுங்கள். முத்திரை எதுவும் இல்லாமல் 'இயற்கை', 'தூய்மை' என்று மட்டும் அச்சடித்திருந்தால், அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

சல்ஃபைட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. யாரும் சேர்க்காவிட்டாலும் புளிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் உண்டாக்கிவிடும், அதனால் சல்ஃபைட் சுத்தமாக இல்லாத ஒயின் என்று கிடைப்பது அரிது. ஐரோப்பிய விதிப்படி இனிப்பில்லாத சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம், ஆர்கானிக்கில் 100 வரை. வெள்ளை ஒயினில் அது 200, ஆர்கானிக்கில் 150. ஆஸ்துமா இருக்கிறவர்களில் சிலருக்கு இதனால் இழுப்பு வரும், அவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். மற்றவர்கள் பாயசத்தில் போடும் பொன்னிறக் கிஸ்மிஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 220 என்று ஒரு எண் போட்டிருந்தால் அது சல்பர் டை ஆக்சைடு, இதே சல்ஃபைட் வகைதான், அதைத் தின்றுவிட்டு யாரும் தலைவலி என்று படுப்பதில்லை. ஒயின் குடித்தால் வரும் தலைவலிக்கு ஆல்கஹாலே போதும். ஆர்கானிக் ஒயினிலும் அதே 12, 13 சதவீத ஆல்கஹால்தான். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது இந்த பாட்டிலுக்கும் சேர்த்துத்தான். "உடம்புக்கு நல்லது" என்று யாராவது கொடுத்தால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அப்புறம் எதற்கு ஆர்கானிக் என்றால், லாபம் டம்ளரில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. திராட்சை சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் சுலபமாக விழுகிற கொடி, சாதாரணத் தோட்டத்தில் சீசன் முழுக்க மருந்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஆர்கானிக் தோட்டத்தில் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் ரசாயன உரமும் கூடாது. அதனால் மருந்து அடிக்கிற கூலியாளின் மூச்சுக்கும் பக்கத்துக் கிணற்றுத் தண்ணிக்கும் ஆபத்து குறைவு. இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. தோல் பதனிடும் ஷாப்புக் கழிவால் இந்தப் பக்கம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ வீணானது என்று 1996-ல் வேலூர் குடிமக்கள் நலமன்றம் வழக்கின் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டிருக்கிறது. பாலாற்றங்கரைக் கிணற்றில் உப்புத் தண்ணி இறைத்தவர்களுக்கு, எங்கோ ஒரு பிரெஞ்சு கிராமத்துக் கிணறு நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கத் தோன்றும்தானே.

ஆனால் மச்சினன் சொன்ன மாதிரி 'கெமிக்கலே கிடையாது' என்பது பொய். நம்ம பக்கம் விவசாயம் பார்த்தவர்களுக்கு போர்டோ கலவை தெரிந்திருக்கும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பது. அந்தப் பெயரே பிரான்ஸில் ஒயினுக்குப் பேர்போன போர்டோ ஊர்ப் பெயர்தான், 1880-களில் அங்கே திராட்சைக் கொடிக்காகக் கண்டுபிடித்தது. ஆர்கானிக் தோட்டத்தில் அது இன்றைக்கும் அனுமதிக்கப்பட்ட மருந்து. மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரம் மண்ணில் தங்கிவிடும் என்பதால் ஐரோப்பாவில் ஏழு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

எங்கே வாங்குவது? தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில். நாம் 'ஒயின் ஷாப்' என்று சொல்கிற கடையில் ஒயின் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் என்பது தனிக் கதை, டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டு வரலாம். பெங்களூர் பக்கம்தானே, காரில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள், எவ்வளவுக்கு அனுமதி என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேலூர்க்காரர்கள் மறக்கவே கூடாதது வீட்டில் வைக்கிற இடம். சல்ஃபைட் குறைந்த ஒயின் சூட்டைத் தாங்காது, அதற்கு 12 முதல் 15 டிகிரி போதும், நம் வெயிலோ மே மாதத்தில் 40-ஐத் தாண்டிவிடும். பீரோ மேல், சமையல் மேடை, காரின் டிக்கி மூன்றும் வேண்டாம். ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் படுக்க வையுங்கள், கரண்ட் போய் வந்தாலும் அங்கே அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. சிவப்பு என்றால் குடிப்பதற்கு இருபது நிமிஷம் முன்னால் வெளியே எடுத்தால் போதும். திறந்துவிட்டால் மூடி இறுக்கித் திரும்பவும் ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். ஆம்பூர் பிரியாணிக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று கேட்காதீர்கள், கத்திரிக்காய் தொக்கும் தயிர்ப் பச்சடியும் இருக்கும்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மச்சினன் இந்தத் தடவை டிசம்பரில் வருகிறானாம், இன்னொரு பாட்டில் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். காய்கறி டிரேயில் முள்ளுக் கத்திரிக்காய்க்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கச் சொன்னேன், வீட்டில் இன்னும் சம்மதம் வரவில்லை.