‘அவசரம்’ என்று குறிப்பது யார்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக உதவி மையம் தொடங்கிய சிலர் அண்மையில் தங்கள் டிக்கெட் படிவத்தை, அதாவது கணினிச் சிக்கல்களுக்கு உதவி கேட்டுப் பதியும் படிவத்தை, என்னிடம் காட்டினார்கள். முதல் வரியிலேயே ‘மிக அவசரம், அவசரம், சாதாரணம்’ என்று மூன்று தேர்வுகள் இருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் நான் வடிவமைத்த படிவமும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. பொத்தானின் நிறம், எழுத்தின் அளவு போன்ற சில்லறைப் பிழைகள் ஒரு வாரத்தில் தாமாகவே கண்ணில் படும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அவசரத்தின் அளவை உதவி கேட்பவரிடமே கேட்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ‘எவ்வளவு அவசரம்?’ என்று கேட்டால், மனிதர்கள் சிக்கலின் நிலையைச் சொல்வதில்லை. தங்கள் சுபாவத்தைச் சொல்கிறார்கள். எங்கள் படிவத்தில் ‘மிக அவசரம்’ என்பதற்கான சிவப்புக் குறி முதல் சில வாரங்கள் அரிதாகவே வந்தது. சிவப்பில் கேட்பவருக்கே முதலில் பதில் கிடைக்கிறது என்பது தெரிந்ததும், மை தீர்ந்த அச்சுப்பொறி முதல் மறந்துபோன கடவுச்சொல் வரை அனைத்தும் சிவப்பில் வரத் தொடங்கின. அவர்களைக் குறை சொல்ல முடியாது; உள்ளதை உள்ளபடி சொன்னவரைக் காக்க வைக்கும் வரிசையை அமைத்தவர்கள் நாங்கள்தான்.

அந்தக் கூட்டத்துக்கு அடியில் ‘சாதாரணம்’ என்று ஒரு டிக்கெட் கிடந்தது. கணக்குப் பிரிவில் இருந்த, யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாத ஒருவர், “இரவு நேர பேக்கப் சில நாட்களாக ஓடவில்லை போலிருக்கிறது, நேரம் கிடைக்கும்போது பாருங்கள்” என்று எழுதியிருந்தார். எங்களுக்கு நேரம் கிடைப்பதற்குள் சர்வரின் வட்டு பழுதானது. பேக்கப், அதாவது காப்பு நகல், இல்லாததால் அழிந்த பதிவுகளை அவரே காகித ரசீதுகளைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்தார். அப்போதும் அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதன்பின் படிவத்தில் கேள்விகளை மாற்றினோம். எத்தனை பேருடைய வேலை நின்றிருக்கிறது, எந்த நாளுக்குள் முடிய வேண்டும், அதுவரை சமாளிக்க மாற்று வழி உண்டா, தரவு அழியும் வாய்ப்பு உண்டா என்ற நான்கை மட்டும் கேட்டோம். விடைகளைப் பார்த்து வரிசையை நாங்கள் முடிவு செய்தோம்.

தீவிரத்தையும் முன்னுரிமையையும் ஒன்றாக்குவது

தீவிரம் என்பது பாதிப்பின் அளவு; முன்னுரிமை என்பது எதை முதலில் சரிசெய்வது என்ற வரிசை. மென்பொருள் பிழைகளைப் பதியும் பக்ஸில்லா என்ற மென்பொருளில் இவை இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். பிழையைப் பதிபவரே முன்னுரிமையையும் தேர்ந்தெடுக்கலாமா என்பதை நிர்வாகி தீர்மானிக்க ஓர் அமைப்பும் அதில் உண்டு. ஒரே ஒருவரைப் பாதிக்கும் சிறு கோளாறுகூட, நாளைக் காலை அவர் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டுமென்றால் முன்னால் வர வேண்டியிருக்கும்.

வெளியிலிருந்து வரும் குறியை அப்படியே நம்புவது

1981-இல் வெளியான இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 791, இணையத்தில் தரவு பிரிந்து செல்லும் சிறு துண்டான ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் முன்னுரிமைக்காக 3 பிட்களை ஒதுக்கி, 8 நிலைகளை வகுத்தது. அனுப்புபவர் எவரும் தம் பொட்டலத்துக்கு உயர்ந்த நிலையைக் குறித்துக்கொள்ளலாம் என்பதால், பல வலையமைப்புகள் வெளியிலிருந்து வரும் குறியைத் தங்கள் எல்லையிலேயே அழித்துவிடுகின்றன அல்லது மாற்றி எழுதுகின்றன.

நிறத்தை மட்டும் குறித்து, கெடுவைக் குறிக்காதது

மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் பயன்படும் மான்செஸ்டர் முறையில், நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர் நோயாளி அல்லர். அறிகுறிகளைக் கேட்டறியும் பயிற்சி பெற்ற செவிலியர். சிவப்புக்கு உடனடிக் கவனிப்பு, ஆரஞ்சுக்கு 10 நிமிடம், மஞ்சளுக்கு 60, பச்சைக்கு 120, நீலத்துக்கு 240 என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கெடு உண்டு. கெடு இல்லாத சிவப்பு வெறும் வண்ணப்பூச்சு.

எட்டு நிலைகள் வைப்பது

மூன்று போதும்.

குறியை ஓசையின்றிக் குறைப்பது

குறைத்ததற்கான காரணத்தை டிக்கெட்டிலேயே ஒரு வரி எழுதுங்கள். இல்லையெனில் அதே கோரிக்கை மறுநாள் தொலைபேசியில் வரும்.