லாக்புக்கில் என்ஜின் வகைப்படி பறப்பு நேரத்தைப் பதிவது எப்படி?

விமானி தன் பறப்பு நேரத்தை எழுதிவைக்கும் பதிவேடுதான் லாக்புக். பயிற்சியின் தொடக்கத்தில் அது யாருக்கும் தலைவலி தருவதில்லை. ஒரே விமானம், ஒரே என்ஜின். எல்லா வரிகளும் ஒரே கட்டத்தில் போய் விழும். இரட்டை என்ஜின் விமானத்தில் ஏறிய பிறகுதான் குழப்பம் தலைகாட்டும். வேலைக்கான படிவம் ஒன்று, ‘பல என்ஜின் டர்பைன் விமானத்தில் தலைமை விமானியாக எத்தனை மணி நேரம்?’ என்று கேட்கும் நாளில் அது முற்றிவிடும். பழைய பக்கங்களை எல்லாம் புரட்டிக்கொண்டு உட்காரும் நிலை வராமல் இருக்க, முதல் வரியிலிருந்தே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பழகுங்கள். என்ஜின் எத்தனை? அது எந்த வகை?

படி 1: கட்டங்களைத் தயார் செய்யுங்கள்

அச்சிட்ட லாக்புக்குகளில் ஒற்றை என்ஜின், பல என்ஜின் என்ற கட்டங்கள் பொதுவாக இருக்கும். என்ஜின் வகைக்கு இடம் இல்லையென்றால், தலைப்பில்லாமல் விடப்பட்டிருக்கும் கட்டங்களில் பிஸ்டன் (கார் என்ஜின் போன்றது), டர்போபிராப் (டர்பைன் முன்விசிறியைச் சுழற்றுவது), ஜெட் என்று எழுதிக்கொள்ளுங்கள். டர்பைன் என்று தனியாக ஒன்று வேண்டாம்; டர்போபிராப்பையும் ஜெட்டையும் கூட்டினால் அதுதான் டர்பைன். ஹெலிகாப்டரும் ஓட்டுபவர் என்றால் அந்த நேரத்தை இவற்றோடு கலக்காமல் தனிப் பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய வடிவ லாக்புக்கில் ஒற்றை, பல என்ற பிரிப்பு ஒரே விமானி ஓட்டும் விமானங்களுக்கு மட்டுமே. ஏர்பஸ் ஏ320 போல இருவர் சேர்ந்து ஓட்டுபவற்றுக்கு வேறு கட்டம் உண்டு. எந்த வடிவமானாலும் உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் சொல்வதே முடிவு.

படி 2: விமானத்தின் குறியீட்டைப் பாருங்கள்

இந்த வேலையில் பாதியைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. அதன் 8643 ஆம் எண் ஆவணத்தில், ஒவ்வொரு விமான வகைக்கும் எதிரே மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு விவரக் குறியீடு இருக்கும். செஸ்னா 172க்கு எல்1பி. ‘எல்’ என்றால் தரையில் இறங்கும் விமானம், ‘1’ என்பது என்ஜின் எண்ணிக்கை, ‘பி’ என்றால் பிஸ்டன். டைமண்ட் டிஏ42 எல்2பி. பிலாட்டஸ் பிசி12 எல்1டி. இங்கே ‘டி’ டர்போபிராப்பைக் குறிக்கும். கிங் ஏர் 200 எல்2டி. ஏ320 எல்2ஜே, அதாவது இரண்டு ஜெட் என்ஜின்கள். மின் மோட்டாருக்கு ‘இ’. நீங்கள் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளுக்கும் கடைசி இரண்டு எழுத்துகளே பதில்.

ஆனாலும் கண்ணை ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. பெயரில் ‘டர்போ’ என்று இருந்தாலே டர்பைன் ஆகிவிடாது. பைப்பர் டர்போ ஆரோவில் இருப்பது டர்போசார்ஜர் (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) பொருத்திய பிஸ்டன் என்ஜின். அந்த நேரம் பிஸ்டன் கட்டத்துக்கே போக வேண்டும். எரிபொருளை வைத்தும் முடிவு செய்யக் கூடாது. டிஏ42 விமானத்தின் டீசல் என்ஜின்கள் ஜெட் எரிபொருளைக் குடிப்பவை, ஆனால் அவையும் பிஸ்டன்தான். ஹெலிகாப்டரில் ராபின்சன் ஆர்44, ஆர்66 இரண்டும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும். முன்னது பிஸ்டன், பின்னது டர்பைன்.

இவற்றைவிடச் சிக்கலானது என்ஜின் மாற்றப்பட்ட விமானம். டி ஹாவிலண்ட் ஆட்டர் பிஸ்டன் என்ஜினோடு பிறந்த விமானம். அவற்றில் பல பின்னாளில் டர்போபிராப்புக்கு மாற்றப்பட்டன. இத்தகைய விமானங்களில் பெயரை நம்பாதீர்கள். அன்று நீங்கள் ஓட்டிய அந்த விமானத்தின் பதிவெண்ணையும், அதன் ஆவணங்களில் உள்ள என்ஜின் விவரத்தையும் பார்த்து எழுதுங்கள்.

படி 3: நேரத்தைக் கணக்கிடுங்கள்

புறப்படுவதற்காக விமானம் முதலில் அசைந்த நொடியிலிருந்து, பறப்பு முடிந்து கடைசியாக நிற்கும் நொடி வரை உள்ளதே பறப்பு நேரம். 06:10க்கு நகரத் தொடங்கி 07:52க்கு நின்றால் 1:42. தசமத்தில் எழுதுபவருக்கு ஆறு நிமிடம் 0.1 ஆகும், எனவே இது 1.7. இரண்டு முறைகளையும் ஒரே லாக்புக்கில் கலந்தால் கூட்டல் பாழாகும்.

மீட்டரை அப்படியே பார்த்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. என்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் ஹாப்ஸ் மீட்டர் பல சிறிய விமானங்களில் எண்ணெய் அழுத்தம் வந்ததுமே ஓடத் தொடங்கும். நீங்கள் அசையாமல் நின்ற நேரமும் அதில் சேரும். டாக்கோமீட்டர் நேரமோ என்ஜின் சுழற்சி வேகத்தைப் பொறுத்தது. மெதுவாகத் தரையில் உருளும்போது கடிகாரத்தைவிடப் பின்தங்கும். கைக்கடிகாரமே போதும்.

படி 4: வரியை நிரப்புங்கள்

மூன்று பறப்புகளை எடுத்துக்கொள்வோம்.

செஸ்னா 172, 1:42 – ஒற்றை என்ஜின் 1:42, பிஸ்டன் 1:42
டிஏ42, 1:10 – பல என்ஜின் 1:10, பிஸ்டன் 1:10
பிசி12, 2:05 – ஒற்றை என்ஜின் 2:05, டர்போபிராப் 2:05

மொத்தம் 4:57. ஒரே நேரம் இரண்டு கட்டங்களில் வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அவை ஒரே பறப்பை இரண்டு கோணங்களில் பிரித்துக் காட்டுகின்றன. மொத்தக் கட்டத்தில் மட்டும் ஒரு முறைதான் எழுத வேண்டும்.

இரட்டை என்ஜின் பயிற்சியில் ஆசிரியர் ஒரு என்ஜினை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்வார். அந்த நேரமும் பல என்ஜின் நேரம்தான்.

இப்போது படிவத்தின் கேள்விக்கு வருவோம். மேலே பல என்ஜின் 1:10 இருக்கிறது, டர்பைன் 2:05 இருக்கிறது. பல என்ஜின் டர்பைன் எவ்வளவு? சுழியம். டிஏ42 டர்பைன் அல்ல, பிசி12க்கு இருப்பது ஒரே என்ஜின். கட்டங்களின் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆகவே இன்னொரு வெற்றுக் கட்டம் மிச்சமிருந்தால் ‘பல என்ஜின் டர்பைன்’ என்று பெயரிட்டு, கிங் ஏர் போன்றவற்றின் நேரத்தை அதிலும் எழுதுங்கள். இது நினைவுக்கான குறிப்பு மட்டுமே, எந்தக் கூட்டலிலும் சேராது. கணினியில் அட்டவணை வைத்திருந்தால் என்ஜின் எண்ணிக்கை, வகை, உங்கள் பொறுப்பு (தலைமை விமானியா இல்லையா) ஆகிய மூன்றையும் வடிகட்டி இதே விடையைப் பெறலாம்.

சிமுலேட்டர் நேரத்துக்குத் தனிக் கட்டம் உண்டு. அது ஜெட் விமானத்தின் சிமுலேட்டராகவே இருந்தாலும் ஜெட் கட்டத்தில் எழுதக் கூடாது.

படி 5: பக்கம் முடியும்போது சரிபாருங்கள்

மேலே உள்ள எடுத்துக்காட்டில் ஒற்றை 3:47, பல 1:10, கூட்டினால் 4:57. பிஸ்டன் 2:52, டர்போபிராப் 2:05, இதுவும் 4:57. இரண்டு கூட்டலும் மொத்தத்தோடு பொருந்தாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். இருவர் ஓட்டும் விமானத்துக்குத் தனிக் கட்டம் உள்ள லாக்புக்கில், முதல் கூட்டலில் அதையும் சேர்க்க வேண்டும்.

பிழை கண்டால் வெள்ளை மை பூசாதீர்கள். தவறான எண் படிக்கும்படி அதன்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பமிடுங்கள். அதற்குக் கீழே உள்ள தொடர்கூட்டல்களையும் மறக்காமல் திருத்துங்கள்.