தாய்லாந்தில் குடியேறலாமா? கணக்குப் போடும்போது நாம் செய்யும் தவறுகள்

பாங்காக்கில் சிலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் முனையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்கள் அதை 'வாட் கேக்' என்பார்கள். அந்த ஊரில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் கோயிலுக்குப் போவது வழக்கம். தமிழ்க் குரல் கேட்டதும் சுற்றுலா வந்த நம்மவர்கள் பக்கத்தில் வந்து விசாரிப்பார்கள். எந்த ஊர், என்ன வேலை, வாடகை எவ்வளவு என்று தொடங்கும் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: "பேசாமல் இங்கேயே வந்துவிட்டால் என்ன?"

ஆசைப்படுவதில் தவறே இல்லை. சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரம்தான் விமானப் பயணம். கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நம் சித்திரைப் பிறப்பன்று அவர்களும் சொங்க்ரான் கொண்டாடுகிறார்கள். சங்கராந்தி என்ற சொல்தான் அப்படி மருவியிருக்கிறது. நள்ளிரவில் ஒரு பெண் தனியாக ரயிலில் ஏறி வீடு போய்ச் சேர்வதையும், நெரிசலான சாலையில் யாரும் ஹாரன் அடிக்காமல் காத்திருப்பதையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்கு ஏக்கம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது, அதனால்தான் போனேன்.

ஆனால் கேட்டவர்களில் பெரும்பாலோர் எடை போட்டது வாடகையையும் கடற்கரையையும்தான். எடை போட வேண்டியது வேறு. இந்தியாவில் நீங்கள் இருப்பது உங்கள் உரிமை. தாய்லாந்தில் இருப்பது அந்த அரசு தருகிற அனுமதி, பெரும்பாலோருக்கு ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டிய அனுமதி. இதை மறந்துவிட்டுப் போடும் கணக்கு எல்லா இடத்திலும் பிசகும்.

அனுமதியைச் சொத்துபோல நினைப்பது

என் கதையையே சொல்கிறேன். 2017-ல் ஒரு நாள் காலை, அம்மா மயங்கி விழுந்துவிட்டதாகத் திருச்சியிலிருந்து போன் வந்தது. கையில் கிடைத்த சட்டைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு சுவர்ணபூமி விமான நிலையத்துக்கு ஓடினேன். என் பாஸ்போர்ட்டில் இன்னும் எட்டு மாதம் தங்குவதற்கான முத்திரை இருந்தது. வெளியே போய்த் திரும்பி வரவேண்டுமானால் அதற்குத் தனியாக மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். ஒரு முறைக்கு 1,000 பாத், பல முறைக்கு 3,800 பாத் கட்டணம். அதற்கான மேசை விமான நிலையத்திலேயே இருக்கிறது. அன்று எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. வெளியேறும் முத்திரை விழுந்த நொடியில் அந்த எட்டு மாதமும் ரத்தாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்துத் திரும்பியபோது அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார், என்னை ஒருமுறை பார்த்தார், வருகையாளர்களுக்கான வரிசையைக் கைகாட்டினார். கிடைத்தது 15 நாள். என் பெயரில் வாடகை வீடு, வங்கிக் கணக்கு, அலுவலகத்தில் ஒரு மேசை எல்லாம் இருந்தன. இருப்பதற்கான அனுமதி மட்டும் இல்லை. அலுவலகம் புதிதாகத் தாள்கள் தயாரித்து, நான் லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்குப் பஸ்ஸில் போய் விசா வாங்கி, வொர்க் பெர்மிட் மறுபடி கைக்கு வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதுவரை சட்டப்படி நான் வேலையில் கைவைக்கக் கூடாது. அம்மா பிழைத்துக்கொண்டார் என்பதால் இதை இன்று நிதானமாக எழுத முடிகிறது.

இதுபோன்ற விதிகள் இன்னும் உண்டு. நீண்டகாலம் தங்குபவர் 90 நாளுக்கு ஒருமுறை தன் முகவரியை இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டவர் வந்து தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் தர வேண்டும். இதைச் செய்யாத வீட்டுக்காரரால் அடுத்த முறை அலுவலகத்தில் அலைவது நீங்கள்தான். ஒப்பந்தம் போடும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். அனுமதி தீர்ந்த பிறகும் தங்கினால் நாளுக்கு 500 பாத் அபராதம். 90 நாளைத் தாண்டினால் மீண்டும் நுழையவே தடை விழும்.

"கொஞ்ச வருடம் போனால் நிரந்தரமாக்கிவிடுவார்கள்" என்று நம்பிப் போகாதீர்கள். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கவே தொடர்ந்து மூன்று ஆண்டு வேலை விசாவில் இருந்திருக்க வேண்டும். ஒரு நாட்டவருக்கு ஆண்டுக்கு 100 பேர்தான் உச்சவரம்பு. தற்காலிக விசாவில் இருக்கும் வெளிநாட்டுத் தம்பதிக்கு அங்கே பிறக்கும் குழந்தைக்கும் தாய்லாந்துக் குடியுரிமை கிடைப்பதில்லை.

ரூபாயில் யோசித்து பாத்தில் வாழ்வது

2015 வாக்கில் ஒரு பாத் இரண்டு ரூபாய்க்கும் குறைவு. 2025-ல் இரண்டரை ரூபாயைத் தாண்டிவிட்டது. பாங்காக்கில் விலையே ஏறாமல் இருந்திருந்தாலும், ரூபாயில் ஓய்வூதியமோ வாடகையோ வாங்குகிறவருக்கு அந்த ஊர் பத்தாண்டில் கால் பங்குக்கு மேல் விலை கூடியிருக்கிறது. வெள்ளைக்கார ஓய்வூதியர்கள் "இங்கே எல்லாம் மலிவு" என்று சொல்வது டாலரிலும் பவுண்டிலும் வருமானம் உள்ளவர்களின் கணக்கு. அதை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

50 வயது கடந்தவர்களுக்கான ஓய்வுக்கால அனுமதியைப் பாருங்கள். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாத் வைப்பு, அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். 8 லட்சம் பாத் என்பது நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல். விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து, அனுமதி கிடைத்து மூன்று மாதம் வரை அந்தத் தொகை அப்படியே இருக்க வேண்டும். அதன் பிறகும் ஆண்டு முழுக்க 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக, அது செலவுக்கான பணமே அல்ல. ஊரில் நிலத்தை விற்று அந்த 8 லட்சத்தைப் போட்டுவிட்டு, மாதச் செலவையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டமிட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

வரியும் இருக்கிறது. ஓர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தங்கினால் வரி நோக்கில் நீங்கள் அந்த நாட்டுவாசி. 2024 ஜனவரி 1-க்குப் பிறகு வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை, அப்படி நாட்டுவாசியாக ஈட்டியதை, உள்ளே கொண்டுவந்தால் வரிக்கணக்கில் சேரும். இரு நாடுகளுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் ஒரே பணத்துக்கு இரு முறை முழு வரி கட்ட நேராது. ஆனால் தாள்களைக் காட்டி நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில்தான். இந்தியாவிலும் உங்கள் நிலை மாறும்: ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும்; மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகச் சேர முடியாது. பிள்ளைகளை சர்வதேசப் பள்ளியில் சேர்ப்பதானால் ஆண்டுக் கட்டணமே பல லட்சம் பாத். இளம் குடும்பங்களின் கணக்கு உடைவது பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான்.

வேலை தேடி அல்ல, வேலையோடு போங்கள்

இந்தப் பகுதியைத் தம்பி தங்கைகள் மெதுவாகப் படிக்க வேண்டும். "டூரிஸ்டாக வா, வந்த பிறகு விசா மாற்றித் தருகிறோம்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று அழைத்து, மே சோட் எல்லை வழியே மியான்மருக்குக் கடத்திச் சென்று இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் 2022-லேயே அதில் சிக்கி மீட்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து அழைத்துவந்தன. பாங்காக்கில் இறங்கியவுடன் வடமேற்கு நோக்கி மணிக்கணக்கில் கார் ஓடுகிறது என்றால், அது பாங்காக் வேலை அல்ல.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் வேலைக்காக வெளிநாடு போகக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அந்த அனுமதி கேட்கப்படும் 18 நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. முகவர் அதைத் தவிர்க்க வழி சொல்கிறார் என்றால், உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பைக் கழற்றி வைக்கச் சொல்கிறார் என்று பொருள்.

முறையான வேலைக்கும் எல்லை உண்டு. முடிதிருத்துவது, வாகனம் ஓட்டுவது, சுற்றுலா வழிகாட்டுவது போன்றவை தாய்லாந்து மக்களுக்கென ஒதுக்கப்பட்ட தொழில்கள். சாதாரண நிறுவனம் ஒரு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ள நான்கு உள்நாட்டு ஊழியர்களும் 20 லட்சம் பாத் மூலதனமும் காட்ட வேண்டும். ஆகவே "சின்னதாக ஒரு இட்லிக் கடை போடலாம்" என்ற கனவு நாம் நினைப்பதுபோல் சின்னதல்ல.

நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். நிலத்தை 30 ஆண்டு குத்தகைக்கு எடுக்கலாம். உள்ளூர்க்காரர் ஒருவரைப் பெயருக்கு உரிமையாளராக வைத்து வாங்குவது சட்டவிரோதம். அதில் போட்ட பணத்தைக் கேட்டு நீங்கள் எந்த நீதிமன்றத்திலும் நிமிர்ந்து நிற்க முடியாது.

உடம்பை மறந்துவிடுவது

பாங்காக்கின் தனியார் மருத்துவமனைகள் தரமானவை. அந்தத் தரமே பலரை ஏமாற்றுகிறது. மருத்துவம் நன்றாக இருப்பதும் அது நமக்குக் கட்டுப்படியாவதும் இரண்டு சங்கதிகள். ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் புதிய காப்பீடு கைவிரிக்கும் அல்லது பிரீமியத்தை ஏற்றும். வயதோடு அது இன்னும் ஏறும். ஊரில் கட்டிவரும் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். அதை நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது புதிய பாலிசியில் காத்திருப்புக் காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வாடகை ஸ்கூட்டர் விஷயத்திலும் கவனமாக இருங்கள்: இருசக்கர வாகனத்துக்குச் செல்லும் உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும்.

காற்றும் உடம்பைச் சேர்ந்ததுதான். டிசம்பரில் சியாங் மாய் மலைகளைப் பார்த்து மயங்கியவர்கள் மார்ச்சில் அங்கே போய்ப் பாருங்கள். காடும் வயலும் எரியும் அந்தப் பருவத்தில் எதிரே உள்ள மலையே தெரியாது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது வாழும் இடம் அல்ல.

பேச்சும் சாப்பாடும்

தாய்லாந்து மொழியில் ஐந்து சுரங்கள். 'க்லாய்' என்பதை ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னால் தூரம், குரலை இறக்கிச் சொன்னால் பக்கம். நான் ஓராண்டு காலம் டாக்சிக்காரர்களிடம் பக்கத்தைத் தூரம் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மொழியின் எழுத்து கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாக நம் பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. அது தெரிந்த பிறகு எனக்கு அதைக் கற்பதில் தனி உரிமை வந்ததுபோல் இருந்தது. மூத்தவரைப் 'பீ' என்றும் இளையவரை 'நோங்' என்றும் உறவு சொல்லி அழைக்கும் பழக்கம் நமக்கு அந்நியமே அல்ல. மொழி பழகாமல் இந்தியர்களோடு மட்டும் புழங்கினால் இந்த நெருக்கம் கிடைக்காமலே போய்விடும்.

சைவர்கள் 'மங்சவிரத்' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்; மாமிசத்தை விலக்குதல் என்ற வடசொல்தான். ஆனால் அதில் முட்டை இருக்கலாம். மீன் சாறான நாம்ப்ளா காய்கறிப் பொரியலிலும் கலந்திருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று போட்ட கடையில் மீன் சாறும் இல்லை, பூண்டு வெங்காயமும் இல்லை.

இன்னொன்று: அரச குடும்பத்தைப் பற்றிய பேச்சு. அவமதிப்பு என்று கருதப்பட்டால், ஒரு குற்றத்துக்கு மூன்று முதல் 15 ஆண்டு வரை சிறை. நம் டீக்கடைப் பேச்சுச் சுதந்திரத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். சமூக ஊடகப் பதிவும் இதில் அடங்கும்.

வீட்டை விற்றுவிட்டுப் போவது

எனக்குத் தெரிந்த கும்பகோணத்துத் தம்பதி ஒன்று. இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். மகன் பாங்காக்கில் வேலையாக இருக்கிறான். அங்கேயே போய்விடுவது என்று முடிவெடுத்து வீட்டுக்கு விலையும் பேசிவிட்டார்கள். அந்த அம்மாள்தான் கடைசி நேரத்தில் மறுத்தார். கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு, மாடியில் இரண்டு அறைகளைப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். முதல் முறை போனது செப்டம்பரில், மழை கொட்டும் மாதத்தில், மகன் வீட்டில் அல்ல, தனியாக வாடகைக்கு எடுத்த ஓர் அறையில். மின்கட்டணம் கட்டினார்கள், காய்ச்சலுக்கு மருத்துவரைத் தேடினார்கள், சந்தையில் சைகை காட்டிக் கத்தரிக்காய் வாங்கினார்கள். ஆறு வாரத்தில் திரும்பிவிட்டார்கள்.

இப்போது தை பிறந்ததும் இரண்டு மாதம் போகிறார்கள், வெயில் ஏறும் முன் வந்துவிடுகிறார்கள். போன ஆண்டு அந்த அம்மாளுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, பூட்டி வைத்த அந்த மாடி அறையில்தான் அவருடைய தங்கை வந்து நாற்பது நாள் தங்கினார்.