ஓக் கட்டையில் ஷிடாகே: கட்டையின் ஈரம் காப்பதுதான் சாகுபடி

ஷிடாகே என்ற உணவுக் காளானின் பெயருக்குள்ளேயே ஒரு மரம் இருக்கிறது. ‘ஷி’ ஜப்பானியக் காடுகளில் வளரும் மரம். ‘டாகே’ என்றால் காளான். ஜப்பானில் கொனாரா, குனுகி ஆகிய ஓக் வகைகளில் நெடுங்காலமாக வளர்க்கிறார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட், நியூயார்க் பகுதிகளில் காடு வைத்திருப்பவர்கள், நெருக்கத்தைக் குறைக்க வெட்டும் மெல்லிய மரங்களை விறகாக்காமல் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். இங்கே சொல்லும் பருவங்கள் அந்தக் குளிர்நாட்டுக் கணக்கு. நீலகிரித் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் பெயரில்தான் ஓக். அது முற்றிலும் வேறு குடும்பத்து மரம். இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

மரத்தை இலை உதிர்ந்த பிறகு, மொட்டு வெடிக்கும் முன் வெட்டுங்கள். அப்போது மரத்தில் சேமிப்புச் சத்து நிறைந்திருக்கும், பட்டையும் இறுகப் பிடித்திருக்கும். பட்டைதான் கட்டையின் தோல். அது உரிந்த இடத்தில் ஈரம் போகும், வேறு பூசணம் நுழையும். ஓக் முதல் தேர்வு. சுகர் மேப்பிள், பீச் மரங்களும் நல்ல பலன் தரும். பைன் போன்ற ஊசியிலை மரங்களும், ஏற்கெனவே பட்டுக் கிடந்த மரமும் வேண்டாம். 10 முதல் 15 செ.மீ. விட்டம், ஒரு மீட்டர் நீளம் போதும். காளான் வாழ்வது கட்டையின் நடுவில் உள்ள கடினமான வைரத்தில் அல்ல, அதைச் சுற்றிய வெளிறில். பருத்த கட்டையில் வைரம்தான் கூடும். 15 செ.மீ. பச்சை ஓக் கட்டை 18 கிலோ வரை இருக்கும், அதைப் பல முறை தூக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

வெட்டிய ஒரு மாதத்துக்குள் விதைத்துவிட வேண்டும். விதை என்பது காளானின் பூசண இழை ஏறிய மரம். அது மர முளை எனும் சிறு குச்சியாகவோ மரத்தூளாகவோ கிடைக்கும். மர முளைக்கு 8 மி.மீ. துளையும் ஒரு சுத்தியலும் போதும். பத்துக் கட்டை வைப்பவருக்கு அது சரி. 50 கட்டைக்கு மேல் என்றால் மரத்தூள் விதையே நல்லது. செலவு குறைவு, கட்டையில் வேகமாகப் பரவும். அதற்கு 12 மி.மீ. துளையும் விதையை அழுத்தித் திணிக்கும் கைக்கருவியும் வேண்டும். 2.5 கிலோ பை ஒன்று 20 முதல் 25 கட்டைக்கு வரும்.

துளை ஆழம் 2.5 செ.மீ. கட்டையின் நீளவாக்கில் ஒரே வரிசையில் துளைக்குத் துளை 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 5 செ.மீ. இடைவெளி. அடுத்த வரிசைத் துளைகள் முந்தைய வரிசையின் இடைவெளிக்கு நேராக வரட்டும். பூசண இழை மரநாரின் போக்கில் விரைவாகவும் குறுக்கே மெதுவாகவும் ஓடுவதால்தான் இந்த வித்தியாசம். 10 செ.மீ. கட்டைக்கு ஏறக்குறைய 40 துளை வரும். துளையிட்ட அன்றே விதையை நிரப்பி, உருக்கிய மெழுகால் மூடுங்கள். மெழுகு கண்ணாடிபோலத் தெளிவாகப் படிய வேண்டும். தொட்டவுடன் வெளுத்து உறைந்தால் சூடு போதாது, பிறகு செதிலாக உதிர்ந்துவிடும். புகை கிளம்பினால் அடுப்பை உடனே தணியுங்கள். தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது.

விதைத்த கட்டைகளை ஆண்டு முழுதும் 75 முதல் 80 சதவீத நிழல் உள்ள இடத்தில், மண்ணில் படாமல் அடுக்குங்கள். இலையுதிர் மரத்தடியில் வசந்த கால வெயில் நேராக விழும் என்பதால் ஊசியிலை மரத்தடியே மேல். வகையைப் பொறுத்து 6 முதல் 18 மாதம் இழை ஓடும். கட்டையின் வெட்டு முகத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் உள்ளே பரவிவிட்டது.

பெரும்பாலான தோல்வி இந்த மாதங்களில்தான், ஓசையில்லாமல் நடக்கிறது. கட்டையின் ஈரம் 35 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 25-ஐ நெருங்கினால் இழை சாகத் தொடங்கும். கையால் தொட்டுப் பார்த்து இதை அறிய முடியாது, எடை போட்டே ஆக வேண்டும். வெட்டும்போதே ஒரு வில்லை அறுத்து எடை போட்டு, அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். 500 கிராம் வில்லை 290 ஆனால் ஈரம் 42 சதவீதம். அப்படியென்றால் 18 கிலோ கட்டையில் மரம் மட்டும் 10.4 கிலோ, 35 சதவீத ஈரத்தில் அது 16 கிலோ நிற்கும். இரண்டு மூன்று கட்டைகளில் எண் எழுதி மாதம் ஒருமுறை நிறுங்கள். 16 கிலோவை நெருங்கினால் எல்லாக் கட்டைகளையும் நன்றாக நனையுங்கள். இழை மரத்தைத் தின்னத் தின்ன மரத்தின் எடையே குறையும். அதனால் இந்தக் கணக்கு முதல் ஆண்டுக்குத்தான். தினமும் லேசாகத் தெளிப்பது தவறு. உள்ளே காய்ந்தே கிடக்கும், ஓயாமல் நனையும் பட்டையில் பச்சைப் பூசணம் ஏறும். நனைத்தபின் பட்டை காற்றில் உலரட்டும்.

இழை நிறைந்த பிறகு, கோடையில் கட்டைகளைக் குளிர்ந்த நீரில் 12 முதல் 24 மணி நேரம் முழுதாக அமிழ்த்திவைத்து, எடுத்துச் சாய்த்து நிறுத்துங்கள். சில நாட்களில் பட்டையைப் பிளந்து மொட்டு வரும், ஒரு வாரம் பத்து நாளில் அறுவடை. ஊறவைத்தால் நன்றாக விளைவது எல்லா வெப்பத்திலும் காய்க்கும் வகைகள்தான். குளிர்கால வகைகள் தம் பருவத்தில்தான் வரும். அடுத்த ஊறலுக்கு முன் 7, 8 வாரம் ஓய்வு தேவை. ஆசைப்பட்டு முன்னதாக ஊறவைத்தால் கட்டை சீக்கிரம் களைத்துப்போகும். ஒரு முறைக்கு 100 முதல் 250 கிராம் எதிர்பார்க்கலாம்.

குடை முக்கால் விரிந்து, விளிம்பு இன்னும் உள்பக்கம் சுருண்டிருக்கும்போது, பட்டை கிழியாமல் கத்தியால் அறுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் போகும். காகிதப் பை நல்லது. நன்றாகச் சமைத்தே சாப்பிட வேண்டும். அரைவேக்காட்டில் சிலருக்குச் சாட்டையடி போலத் தடிப்பு வரும்.

பட்டையில் கறுப்புப் பொருக்கு தெரிந்தால் வெயில் அதிகம். பச்சைப் பூசணம் என்றால் காற்றோட்டம் போதவில்லை, அடுக்கைத் தளர்த்துங்கள். நத்தைகளை மாலையில் கையால் பொறுக்கலாம். கட்டைகளைச் சரளைக்கல் மேல் நிறுத்தினால் அவை குறையும். அதே கட்டையில் வேறு காளானும் முளைக்கும், கொல்லும் நஞ்சுள்ள கலரினாகூட. ஐயமிருந்தால் தொடாதீர்கள்.

பட்டை தானாகக் கழன்று, கட்டைவிரல் அழுத்தினால் மரம் அமுங்கினால் அந்தக் கட்டையின் காலம் முடிந்தது. 10 செ.மீ. கட்டைக்கு அது மூன்று, நான்கு ஆண்டு.